மூச்சு வாங்காத குரல்: வொவக்காவின் வேகமும் இருளும்

ஹட்சுனே மிக்கு, கொடுக்கும் வரிகளையும் மெட்டையும் பாடும் ‘வோக்கலாய்ட்’ என்ற கணினி மென்பொருளின் ஒரு குரல். அதை 2007 ஆகஸ்ட் 31இல் சந்தைக்குக் கொண்டுவந்த சப்போரோ நகர நிறுவனம் கிரிப்டான் ஃப்யூச்சர் மீடியா, அந்தக் குரலுக்கு இரண்டு வரம்புகளைப் பரிந்துரைத்தது. சுருதி ஏ3 முதல் இ5 வரை. வேகம் நிமிடத்துக்கு 70 முதல் 150 பீட் வரை. குரல் நடிகை ஃபுஜிதா சாக்கியிடம் பதிவு செய்த ஒலித்துண்டுகள் இந்த வரம்புக்குள் சீராக ஒட்டிக்கொள்ளும், தாண்டினால் பிசிறடிக்கும் என்பது அதன் பொருள். 2010 பிப்ரவரியில் நிக்கோ நிக்கோ டோகா காணொளித் தளத்தில், வொவக்கா என்ற ஜப்பானிய இசையமைப்பாளர் மிக்குவைப் பாட வைத்து ஏற்றிய ‘ரோலிங் கேர்ள்’ பாடலின் வேகம் 195.

வொவக்காவின் பாடல்களைப் புரிந்துகொள்ள இந்த எண் நல்ல வாசல். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வரிகளின் இருட்டிலிருந்து தொடங்குகிறார்கள். தோற்றுக்கொண்டே இருக்கும் சிறுமி, முடியப்போகிற உலகம், யாருக்கும் புரியாத தலைக்குள் சத்தம். அந்த இருட்டில் பாதிதான் வரிகளில் இருக்கிறது என்பது என் துணிபு. மீதிப் பாதி, பாடும் குரலுக்கு மூச்சே தேவையில்லை என்பதில் இருக்கிறது. மூச்சு வாங்க இடம் விடாத ஒரு மெட்டை எழுதி, களைப்பே அறியாத ஒரு குரலிடம் கொடுத்து, களைத்துப்போன ஒருத்தியைப் பற்றிப் பாடச் சொன்னார் அவர்.

ககோஷிமாவில் 1987இல் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2009 மே மாதத்தில் தன் முதல் பாடலை ஏற்றினார். வோக்கலாய்ட் உலகில் பாடல் செய்கிறவர்களின் பெயருக்குப் பின்னால் ‘பி’ (ப்ரொட்யூசர் என்பதன் சுருக்கம்) சேர்த்துக் கேட்பவர்களே பட்டப்பெயர் சூட்டுவது வழக்கம். இவருக்குக் கிடைத்தது ‘கென்ஜித்சு தோஹி பி’, அதாவது நிஜத்திலிருந்து தப்பி ஓடுகிறவர். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘உராஓமோதே லவர்ஸ்’ வந்தது. பிறகு ‘ரோலிங் கேர்ள்’, 2010 மே மாதம் ‘வேர்ல்ட்ஸ் எண்ட் டான்ஸ்ஹால்’, 2011 மே மாதம் ‘அன்ஹாப்பி ரிஃப்ரெய்ன்’. முதல் பாடலிலிருந்து அதுவரை இரண்டே ஆண்டு. வேகமான டெம்போ, உச்சத்தில் நிற்கும் மெட்டு, பிதுங்கி வழியும் வரிகள், கூரான கிட்டார் ரிஃப் என்று இன்று ‘வோக்கலாய்ட் மாதிரி இருக்கிறது’ என்று ஜப்பானில் எதைச் சொல்கிறார்களோ, அதன் பெரும்பகுதி இந்த இரண்டு ஆண்டுகளில் இவர் கையால் உருவானது.

‘உராஓமோதே லவர்ஸ்’ஸின் கணக்கைப் பார்க்கலாம். வேகம் 159. ஒரு பீட் 377 மில்லிசெகண்ட். சரணத்தில் வரிகள் பெரும்பாலும் பீட்டுக்கு நாலு சுரமாகப் போகின்றன. ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 94 மில்லிசெகண்ட். ஜப்பானிய மொழியில் ஒரு மாத்திரைக்கு ஒரு சுரம் என்பது இயல்பான பொருத்தம். நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. அவர்களுக்கோ தனித்து நிற்கும் ‘ன்’ ஒலியும் முழு மாத்திரை, இரட்டிக்கும் மெய்க்கு முந்தைய இடைவெளியும் முழு மாத்திரை. ஆகவே எல்லாமே சுரம் கேட்கும். செகண்டுக்குப் பத்துக்கும் மேல். சாதாரணப் பேச்சில் ஜப்பானியர்கள் செகண்டுக்கு ஏழெட்டு மாத்திரை பேசுவார்கள். பேச்சை விட வேகமாக, சுருதி மாறாமல், இடையில் நிற்காமல் பாட வேண்டும்.

நல்லதே நடந்த கனவிலிருந்து விழித்த ஒருத்தியின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் பாட்டு. காதல் என்கிற அடையாளம் தெரியாத ஏதோ ஒன்று தொற்றிக்கொண்டுவிட்டது என்று அவள் தன் நிலையை ஒப்பிக்கிறாள். தறிகெட்டு ஓடும் மனம் எப்படிப் பேசுமோ அப்படியே வரிகள் ஓடுகின்றன. இதே வரிகளை 90 வேகத்தில் பாடினால் ஒரு சாதாரணக் காதல் புலம்பலாகத்தான் நிற்கும்.

‘ரோலிங் கேர்ள்’ வேறு மாதிரி. வேகம் கூடுதல், சொற்கள் குறைவு. 195இல் பீட்டுக்கு இரண்டு சுரம் என்றால் சுரத்துக்கு 154 மில்லிசெகண்ட். உச்சரிக்க முடிகிற வேகம்தான். ஆனால் சுற்றிச் சுற்றி வரும் அமைப்பு. எட்டாத கனவைக் காணும் தனிமையான சிறுமி, தவறைத் தேடிக் கண்டுபிடித்து முடித்தால் மறுபடி உருள்கிறாள். ‘இன்னொரு தடவை, இன்னொரு தடவை’ என்று பல்லவி தொடங்கும். ‘மறுபடி தோல்வி, மறுபடி தோல்வி’ என்பதும் அதே தாளக் கட்டில், ஏறக்குறைய அதே ஒலியில் வரும். ‘போதுமா?’ என்று ஒரு குரல் கேட்கிறது. இன்னும் இல்லை, முன்னால் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை என்று பதில். கடைசியில் அந்தப் பதில் மாறுகிறது: போதும், நீயும் களைத்திருப்பாய். ஒவ்வொரு முறையும் அந்த உரையாடல் முடிவது ஒரே வரியில்தான்: இப்போது மூச்சை நிறுத்துகிறேன்.

மூச்சு வாங்காத குரல் மூச்சை நிறுத்துவதாகச் சொல்கிறது. மனிதப் பாடகி பாடினால், அந்த வரிக்கு முன் அவள் மூச்சு இழுப்பது கேட்டிருக்கும். வரியின் பொருள் உடனே ஒரு உடலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மிக்கு பாடும்போது அப்படி எதுவும் கேட்பதில்லை. ஆறுதலும் கேட்பதில்லை, அழுகையும் கேட்பதில்லை. பாட்டு அந்தச் சிறுமியை மீட்கிறதா, கைவிடுகிறதா என்று கேட்பவர்கள் இன்றும் வாதாடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். குரல் எந்தப் பக்கமும் சாய்ந்து கொடுப்பதில்லை. இந்தப் பாட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வொவக்கா 2019 ஏப்ரல் 5 அன்று, 31 வயதில், இதயச் செயலிழப்பால் இறந்தார். ஒன்பது ஆண்டுக்கு முன் எழுதிய வரியை அந்த மரணத்தின் முன்னறிவிப்பாகப் படிப்பது அவருக்கும் பாட்டுக்கும் செய்கிற அநியாயம்.

இப்படி ஒரு பாட்டைச் செய்ய நினைக்கிறவர்கள் வழக்கமாக இடறும் இடங்களைச் சொல்கிறேன். முதல் இடறல் குரலில்தான்.

வோக்கலாய்ட் எடிட்டர் சுரத்தின் தொடக்கத்தில் உயிரொலியை வைக்கிறது. மெய்யொலியை அதற்கு முன்னால் தள்ளுகிறது. பாடகர்களும் இயல்பாக அப்படித்தான் செய்கிறார்கள். மெதுவான பாட்டில் இது அழகு. 94 மில்லிசெகண்ட் சுரங்களில் இதுவே ஆபத்து: ‘ஸ’, ‘ஷ’, ‘ச’ போன்ற நீண்ட உரசொலிகள் முந்தைய சுரத்தின் உயிரை முழுவதுமாக விழுங்கிவிடும். கேட்டால் ஒரு எழுத்து காணாமல் போனதுபோல் இருக்கும். நிறைய பேர் காணாமல் போன எழுத்தின் ஒலி அளவை ஏற்றிப் பார்ப்பார்கள். பயன் இல்லை, பிரச்சினை அடுத்த எழுத்தில் இருக்கிறது. அடுத்த சுரத்தின் வெலாசிட்டியை ஏற்ற வேண்டும். வோக்கலாய்டில் வெலாசிட்டி என்பது சத்தத்தின் அளவு கிடையாது, மெய்யொலியின் நீளம். எண் ஏற ஏற மெய் சுருங்கும். இயல்பு நிலை 64. உரசொலிகளுக்கு 90 முதல் 110 வரை வைத்தால் முந்தைய உயிர் திரும்பி வரும். 127 வரை தள்ளினால் ‘ஸ’ கிட்டத்தட்ட ‘த’ போல வெட்டுப்பட்டு ஒலிக்கும். எல்லாச் சுரத்துக்கும் ஒரே எண் போட்டால் எல்லா மெய்களும் சுத்தியல் அடிபோல் ஆகிவிடும் என்பதால், உரசொலிக்கு மட்டும் ஏற்றி, ‘ம’, ‘ன’, ‘ர’வை இயல்பிலேயே விடுவது நல்லது.

பாட்டின் முதல் சுரத்துக்கு முன் இடம் விட மறப்பதும் இதே காரணத்தால் வரும் கோளாறு. சுரம் பகுதியின் தொடக்கக் கோட்டிலேயே நின்றால் மெய்யை வைக்க இடமில்லை. முதல் எழுத்து மொட்டையாகிவிடும்.

ஒரே உயிர் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். அங்கே முதல் சுரத்தின் வாலைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். எடிட்டரில் ஒரு பீட்டுக்கு 480 டிக். 30 டிக் வெட்டினால் 159 வேகத்தில் சுமார் 24 மில்லிசெகண்ட் அமைதி. காதுக்கு இரண்டு எழுத்தாகக் கேட்க அது போதும். இது வேலை செய்கிறதே என்று எல்லாச் சுரத்தையும் வெட்டினால் குரல் திக்கும். தேவையான இடத்தில் மட்டும் போதும்.

ஜப்பானிய எழுத்தில் ‘ஹ’ என்று எழுதி ‘வ’ என்று ஒலிக்கும் வேற்றுமைச் சொல் ஒன்று உண்டு. எடிட்டருக்கு இலக்கணம் தெரியாது. எழுதியபடியே ‘ஹ’ என்று பாடிவிடும். வரிகளை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே ஒட்டுகிறவர்கள் அத்தனை பேரும் இதில் மாட்டுகிறார்கள். ஒலிப்பைத் தட்டச்ச வேண்டும், எழுத்தை அல்ல.

பிறகு சுரத்தின் குணங்கள். ஒவ்வொரு சுரமும் கீழிருந்து மேலே வழுக்கி ஏறும்படி பெண்ட் டெப்த் 8 சதவீதம் இயல்பாகவே போடப்பட்டிருக்கும். நீண்ட சுரங்களில் அது மனிதத் தன்மை தரும். குட்டிச் சுரங்களில் சுருதி சேர்வதற்குள் சுரமே முடிந்துவிடும். முழு வரியும் சற்றுத் தட்டையாகக் கேட்கும். வேகமான வரிகளுக்கு அதைப் பூஜ்யமாக்க வேண்டும். வைப்ரேட்டோ தானாகச் சேரும் அமைப்பையும் அணைத்துவிட்டு, வரி முடிவில் நீளும் சுரங்களுக்கு மட்டும் கையால் போட வேண்டும். மனிதரைப் போலப் பாட வைக்க வேண்டும் என்ற ஆசையில் இந்தப் பாணியில் உழைப்பைக் கொட்டுவது வீண். வொவக்காவின் மிக்கு மனிதராக நடிப்பதில்லை. கூராகவும் நேராகவும் நிற்கிறாள். மூச்சு ஒலியைத் தேடி எடுத்து வரிகளுக்கு இடையில் ஒட்டினால், மேலே சொன்ன அந்தக் கடைசி வரியின் வலு மொத்தமும் போய்விடும்.

இரண்டாவது இடறல், குரலும் கிட்டாரும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுவது. கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர்கள் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை தூக்கலாக ஒலிக்கும். மிக்குவின் குரல் மூக்கொலி கலந்து கூர்மையாக நிற்பதும் அதே பகுதியில்தான். டிஸ்டார்ஷன், அதாவது ஒலியை முரடாக்கும் சிதைவு, ஏற்றிய கிட்டார் அங்கே சுவர் எழுப்பிவிட்டால், குரலைத் தூக்கத் தூக்கக் காது வலிக்குமே தவிர வார்த்தை தெளியாது. கிட்டாரில் 3000 ஹெர்ட்ஸைச் சுற்றி அகலமாக 2 முதல் 3 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். குரலைத் தொட வேண்டிய தேவையே பல சமயம் வராது. குரலின் அடியில் 180 ஹெர்ட்ஸ் வரை வெட்டலாம். ஏ3 சுரமே 220 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது, அதற்குக் கீழே காப்பாற்ற எதுவும் இல்லை. கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பேஸுக்கு இடம் கிடைக்கும்.

டிஸ்டார்ஷன் அளவிலும் பெரும்பாலோர் அதிகம் போடுகிறார்கள். 195 வேகத்தில் பீட்டுக்கு இரண்டு அடி என்றாலே செகண்டுக்கு ஆறரை அடி. டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெய்ன் அளவு ஏறினால் ஒவ்வொரு அடியின் முனையும் மழுங்கி, ரிஃப் ஒரே இரைச்சலாகிவிடும். தனியாகக் கேட்கும்போது ‘கொஞ்சம் சன்னமாக இருக்கிறதே’ என்று தோன்றும் அளவுதான் பாட்டுக்குள் சரியாக உட்காரும். டெலிகாஸ்டர் போன்ற சிங்கிள் காயில் கிட்டாரின் பிரிட்ஜ் பிக்அப் இந்தப் பாணிக்குப் பொருந்துவது இதனால்தான். ‘அன்ஹாப்பி ரிஃப்ரெய்ன்’ பாடலின் முதல் வரியிலேயே துப்பாக்கியோடு டெலிகாஸ்டரும் வருகிறது. சொற்களை வரிசையில் நிறுத்தும் பழக்கத்தைப் பற்றி அதே மூச்சில் பேசுகிறது. தன் தொழில்முறையையே பாட்டுப் பொருளாக்கிய இடம் அது.

ரிதம் கிட்டாரை இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனியாக வாசித்துப் பதிய வேண்டும். ஒரே பதிவை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது. நடுவில் சத்தம்தான் கூடும், அதுவும் குரல் நிற்கிற இடத்தில்.

எதிரொலி விஷயத்தில் கணக்கு உதவும். 195 வேகத்தில் ஒரு பீட் 308 மில்லிசெகண்ட். இரண்டு செகண்ட் ரிவெர்ப் போட்டால் ஒவ்வொரு சொல்லின் நிழலும் அடுத்த ஆறு பீட்டுகளின் மேல் படியும். ஒரு செகண்டுக்குள் அடங்கும் ரிவெர்ப், அல்லது 154 மில்லிசெகண்ட் டிலேயை மெல்லிசாக. குரல் உலர்ந்து முன்னால் நிற்பது இந்தப் பாடல்களின் குணம். காதோரம் ஒருத்தி விடாமல் பேசுவதுபோல் இருப்பது அதனால்தான்.

டிரம்ஸில் கிக் நாலு பீட்டிலும், திறந்த ஹை-ஹாட் இடைபீட்டிலும் வரும் நடன அடிதான் இந்தப் பாணிக்கு முதுகெலும்பு. ஹை-ஹாட்டை அடுத்த அடிக்கு முன் மூட வேண்டும். புரோகிராம் செய்கிறவர்கள் அதை மறந்தால் முழுப் பாட்டுக்கும் மேலே ஒரு உலோகப் பனி படர்ந்துவிடும். பேஸ் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பியானோ வைத்தால் மேல் ஸ்தாயியில், குட்டையாக.

‘வேர்ல்ட்ஸ் எண்ட் டான்ஸ்ஹால்’ இருவர் பாடும் பாட்டு: மிக்குவும், 2009 ஜனவரியில் வெளியான இன்னொரு வோக்கலாய்ட் குரலான மெகுரினே லூக்காவும். லூக்காவின் ஜப்பானியக் குரலுக்குப் பரிந்துரைத்த எல்லை டி3 முதல் டி5. மிக்குவை விடத் தாழ்ந்து, திரண்ட குரல். இரண்டையும் ஒரே வரியில் சேர்க்கும்போது மிக்குவின் கீச்சுக்கு அடியில் ஒரு தரை கிடைக்கிறது. உலகத்தின் விளிம்பில் இருவர் ஆடுகிறார்கள் என்ற காட்சிக்கு அந்தத் தரை தேவையாகவும் இருந்தது. முடியப்போகிற உலகத்துக்கு ‘போய்வருகிறேன், நலமாக இரு’ என்று சொல்லி முடிகிற இந்தப் பாட்டு, அவருடைய எல்லாப் பாடல்களிலும் இதமானது என்பேன். இங்கே இருட்டுக்குள் துணை இருக்கிறது. இரண்டு குரல்களைச் சேர்க்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: இரண்டு குரல்களின் ஒலித்துண்டுத் தொகுப்புகளிலும் மெய்யொலியின் நீளம் ஒன்றல்ல. ஒரே வெலாசிட்டி போட்டால் ‘ஸ’ இரண்டு தடவை கேட்கும். ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றதின் உரசொலிகளை அடக்கிவிடுவது சுலபமான வழி.

இந்தப் பாடல்களை மனிதர்கள் பாடாமல் இல்லை. நிக்கோ நிக்கோவில் ‘பாடிப் பார்த்தேன்’ என்ற வகையில் கவர்கள் குவிந்தன. பாட நினைப்பவர்களுக்கு: முதலில் வரித்தாளில் மூச்சு இடங்களைக் குறியுங்கள், பிறகு பயிற்சி. 195ஐ 60 சதவீதமாக்கினால் 117; அங்கே எல்லா எழுத்தும் தெளிந்த பிறகு 156, அப்புறம் முழு வேகம். ‘உராஓமோதே லவர்ஸ்’ சரணத்தில் மூச்சுக்கு இடமே இல்லாத நீளங்கள் உண்டு. பதிவுக்கூடத்தில் இரண்டு டேக்காகப் பாடி ஒட்டுகிறார்கள், மேடையில் ஒரு எழுத்தைத் தியாகம் செய்கிறார்கள். வரியின் நடுவில், துணைச்சொல் ஒன்றை விடுவது நல்லது. வரி தொடக்கத்தை விட்டால் கேட்பவருக்குத் தடம் புரண்டுவிடும். சுருதி உயரம் சிரமமென்றால் இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்கலாம். அதற்கு மேல் இறக்கினால் கிட்டார் ரிஃப்பின் கூர்மை போய்விடும்.

வொவக்காவே இந்தச் சிக்கலுக்குள் தானாக நடந்து போனார். ஹாச்சி உள்ளிட்ட வோக்கலாய்ட் தோழர்களின் பதிவுகளும் வெளிவந்த ‘பலூம்’ இசை லேபிளில் 2011 மே மாதம் தன் ‘அன்ஹாப்பி ரிஃப்ரெய்ன்’ ஆல்பத்தை வெளியிட்ட பிறகு, மிக்குவை வைத்துப் பாடல் ஏற்றுவதை நிறுத்தினார். 2012இல் ‘ஹிட்டோரியே’ இசைக்குழு பிறந்தது: ஷினோதா கிட்டார், இகராஷி பேஸ், யுமாவோ டிரம்ஸ், வொவக்கா கிட்டாரும் குரலும். 2014 ஜனவரியில் ‘சென்ஸ்லெஸ் வொண்டர்’ பாடலோடு பெரிய லேபிளில் அறிமுகம். மெட்டுகள் அதே வேகம், அதே நெரிசல். இப்போது பாடுகிறவருக்கு நுரையீரல் இருந்தது.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், மிக்குவின் பத்தாம் ஆண்டுத் தொகுப்பான ‘ரீஸ்டார்ட்’டுக்காக, 2017 ஆகஸ்டில் ‘அன்னோன் மதர்கூஸ்’ வந்தது. மிக்கு பாடிய வடிவம் ஒன்று; அதே ஆண்டு ஹிட்டோரியேயின் ‘ஐசோலேட்’ தொகுப்பில் அவரே பாடிய வடிவம் இன்னொன்று. பழைய பாடல்களில் சிறுமியைப் பற்றி வெளியிலிருந்து சொல்லப்படும். இங்கே ‘உன் கண்ணுக்கு நான் தெரிகிறேனா?’ என்று குரல் நேராகக் கேட்பவரிடமே கேட்கிறது. இரண்டு வடிவங்களையும் ஹெட்போனில், ஒன்றன்பின் ஒன்றாக, வரித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர் மூச்சு எடுக்கும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிறகு மிக்குவின் வடிவத்தை அதே கோடுகளோடு மறுபடி கேட்டால், எந்தெந்த வரியை அவர் தனக்காக எழுதினார், எதை அவளுக்காக விட்டுவைத்தார் என்பது தாளிலேயே தெரியும்.